சோபியா சிஸ்டர் அல்ல

உத்திரமேரூரை ஒட்டி ராஜாராம் நடத்தும் முதியோர் இல்லத்தில் சோபியா முதலில் சேர்ந்தது பாத்திரம் கழுவத்தான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். நடவு இயந்திரம் வந்து கூலி வேலை குறைந்தபோது இங்கே வந்தாள். முகம் சுளிக்காமல் வேலை செய்கிறாள் என்று, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைக் குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் அவளையே வைத்துக்கொண்டார்கள்.

அங்கே இருந்த ஒரே நர்சுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போகிற போக்கில் இன்சுலின் ஊசி போடுவது எப்படி என்று சோபியாவுக்குக் காட்டிவிட்டுப் போனாள். வேறு நர்ஸ் வரவில்லை. ராஜாராம் ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கி வந்தார்.

"போட்டுக்கோம்மா. பாக்க வர்றவங்களுக்கு ஒரு நம்பிக்கையா இருக்கும்."

அன்று முதல் அவள் எல்லோருக்கும் சிஸ்டர். அவள் தெருவிலேயே நர்சம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இல்லத்தில் இருந்தவர்களில் வேதகிரிதான் கலகலப்பான ஆள். திருப்புலிவனத்தில் பயிர் வைத்தவர். மனைவி போன பிறகு, செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் கனகா அவரை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தாள். சர்க்கரை முற்றிய உடம்பு. தினமும் காலையில் ஊசி.

சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை அவர் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டார். "வேணாம்மா, வாய்க்குப் புடிக்கல." சோபியா வற்புறுத்திப் பார்த்துவிட்டு ஊசியைப் போட்டாள். காலையில் ஊசி என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கரண்ட் வேறு இல்லை, புழுக்கம்தான் என்று விசிறினாள். ஏதோ உளறினார். பிறகு கண்ணை மூடினார். தூங்கட்டும் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். மத்தியானச் சோற்றுக்கு எழுப்பியபோது அவர் எழவில்லை.

ஆம்புலன்சில் கூடவே போனாள். ஆஸ்பத்திரி நர்ஸ் அவர் விரலில் குத்திச் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்ததைப் பார்த்ததும் பதறிப்போய் குளுக்கோஸ் ஏற்றினாள். கை ஓய்ந்த பிறகு சோபியாவிடம் திரும்பினாள்.

"காலையில இன்னா சாப்ட்டாரு?"

"ஒண்ணியும் சாப்புடல."

"சாப்புடாத மனுசனுக்கு ஊசிய யாரு போட்டது?" வெள்ளைக் கோட்டை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க எங்க படிச்சீங்க?"

சோபியா கோட்டை இழுத்து மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

வேதகிரி பிழைத்தார். ஆனால் பழைய வேதகிரி திரும்பி வரவில்லை. பேச்சு குழறியது. ஓடிவந்த மகளைச் செத்துப்போன மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கனகா அழுதுகொண்டே வராந்தாவுக்கு வந்து சோபியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தூக்கினு ஓடியாரலன்னா எங்கப்பா போய்ச் சேர்ந்திருப்பாரு. நல்லா இருக்கணும் சிஸ்டர் நீங்க."

கும்பிட்டு நகர்ந்திருக்கலாம். சோபியாவால் முடியவில்லை.

"எக்கா, நான் சிஸ்டர் இல்ல. ஒம்பதாவதோட நின்னுட்டவ. சாப்புடலன்னா ஊசி போடக்கூடாதுன்னு எனக்குத் தெர்ல. நான் போட்டதாலதான் அவரு இப்டி கீறாரு."

கனகாவின் கைகள் மெல்ல விலகின. "உன் கோட்டப் பாத்துத்தானே உட்டுட்டுப் போனேன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சோபியா கோட்டைக் கழற்றி ராஜாராமின் மேசைமேல் வைத்தாள்.

"உன்ன யாரு போய்ச் சொல்லச் சொன்னது? இந்த ஊர்ல வந்து உக்கார எந்த நர்ஸ் கெடைப்பா?" என்று கத்தினார். அது பொய்யும் இல்லை. சோபியாவின் தெருவில் நர்சிங் படித்த பெண்களே சென்னையில்தான் இருந்தார்கள்.

"குளிப்பாட்றேன் சார், பீ மூத்திரம் அள்றேன். ஊசியும் மாத்திரையும் படிச்சவங்க கையில குடுங்க. நான் தொடமாட்டேன்."

"அப்போ நீ வர வேணாம்."

வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவர்களுக்கு யார் ஊசி போடுகிறார்களோ என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே கனகா சும்மா இருக்கவில்லை. மற்ற குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் பேசினாள். படித்த நர்ஸ் வராவிட்டால் எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று எல்லோருமாகப் போய் நின்றார்கள். ராஜாராம் அலைந்து திரிந்து, நர்சிங் பட்டம் படித்த திவ்யாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்த திவ்யா, அங்கே இருந்தவர்கள் சோபியாவையே தேடுவதைப் பார்த்து, "தூக்கி உக்கார வைக்கவும் ஊட்டவும் ஆள் வேணும் சார், அந்த அக்காவக் கூப்புடுங்க" என்றாள். சோபியா திரும்பிப் போனாள், வெறும் புடவையில்.

வேதகிரியைக் கனகா தன் வீட்டுக்கே கூட்டிப் போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சோபியா செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள். அவர் அவளை வெறிக்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. கனகா தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"உம்மேல கோவம் போகல. ஆனா நீ வாயத் தொறக்கலன்னா காப்பாத்துனவன்னு உனக்குப் புடவ எடுத்துக் குடுத்துட்டு அவர அங்கயே திரும்பக் கொண்டுபோயி உட்டிருப்பேன்."

சோபியா தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

திவ்யா பகலில் மட்டும்தான் இருக்கிறாள். ராத்திரிக்கு இன்னும் நர்ஸ் இல்லை. திவ்யா கிளம்பிப் போன பிறகு சோபியா தினமும் ராஜாராமின் அறை வாசலில் போய் நிற்கிறாள்.

"ராவுக்கு ஆளு இன்னாச்சு சார்?"

"தேடிக்கினுதாம்மா இருக்கேன்" என்கிறார் அவர், தலை நிமிராமல். மறுநாளும் போய்க் கேட்கிறாள்.