சேலத்தில் நின்ற கப்பல்

முப்பத்து மூன்று வருஷம் பூகோளம் நடத்தியவன் நான். உலக வரைபடத்தைக் கரும்பலகையில் மாட்டி, பிரம்பால் இந்துமகா சமுத்திரத்தைத் தட்டிக் காட்டி, அதன் துறைமுகங்களைப் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் என்றால் மேட்டூர் அணைதான். என் கதையும் அதற்கு மேல் பெரிதில்லை. கடலை இரண்டே முறை, கரையில் நின்று, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் எனக்கும் என் மனைவிக்கும் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். கொச்சியில் ஏறி, கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று சுற்றிவிட்டு மறுபடி கொச்சியில் இறங்க வேண்டும். இருபத்திரண்டு நாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆறு மாதம் டீக்கடையில், சலூனில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே உட்கார்ந்தாலும் கப்பலை இழுத்துக்கொண்டு வந்தேன். “கப்பலுக்குள்ளயே நீச்சல் குளம் இருக்குதுங்க” என்று ஒருநாள் அளந்துகொண்டிருந்தபோது, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்து ஆப்பிரிக்கா வரை போய் வந்த ஒருவர், “சுத்தியும் தண்ணி கெடக்கறப்ப உள்ளார எதுக்குங்க வாத்தியாரே குளம்?” என்று கேட்டார். விவரம் கெட்ட மனுஷன் என்று அவரை மனசுக்குள் திட்டினேன்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிக்குப் பக்கம். என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி என் அக்கா இருக்கிறாள். எனக்கு ஏழு வயது மூத்தவள். மாமா போன பிறகு தனியாக, நாலு மேச்சேரி ஆடுகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறாள். சர்க்கரை வியாதி உண்டு. கோயில் பண்டிகைக்கென்று வளர்த்து வைத்திருந்த கெடாயை அக்கா என்னை வழியனுப்பும் விருந்துக்கு வெட்டிவிட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் வந்து சாப்பிட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து மாப்பிள்ளை போலச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது ஆரத்தி சுற்றி, நெற்றியில் திருநீறு வைத்து, எல்லார் முன்னாலும் அக்கா சொன்னாள்: “நீ தண்ணி மேல இருக்கற வரைக்கும் நான் ஒருசந்தி இருக்கறேன் சாமி. நீ ஏறுன அன்னைக்குத் தொடங்கி எறங்கற அன்னைக்கு முடிச்சுக்கறேன்.”

ஒருசந்தி என்றால் பகலில் ஒரே ஒரு வேளை சாப்பாடு. கவிச்சி கூடாது. மற்ற நேரத்துக்கு மோரோ தண்ணீரோ. “சக்கரைக்காரி உனக்கு எதுக்குக்கா அதெல்லாம்? அது பாட்டன் காலத்துக் கட்டுமரம் இல்ல, அரண்மனையாட்ட இருக்குது” என்று சிரித்தேன். சிரித்தேனே தவிர, எனக்காக ஒருத்தி பட்டினி கிடக்கப்போவது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

சேலம் ஜங்ஷனில் எர்ணாகுளம் வண்டிக்காகக் காத்திருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. கப்பலில் ஏதோ பழுதாம். ஒன்பது நாள் கழித்துத்தான் புறப்படும். “ஊட்டுக்குத் திரும்பிப் போயி நிம்மதியா இருங்கப்பா. ரயில் டிக்கெட்டை நான் மாத்திக்கறேன்” என்றாள்.

திரும்பிப் போவதா? வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆனால் வாசலைத் தாண்டிப் புறப்பட்டவன், மறந்து வைத்த கண்ணாடிக்காகக்கூடத் திரும்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. வகுப்பில் கேலியே பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது எனக்கு வசதியாக இருந்தது. “கெடா வெட்டி அனுப்புன ஆளு, பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுப் பொடக்காலியில நின்னு கை காலு கழுவுனா ஊரு என்ன சொல்லும்?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“என்ன சொல்லும்? கப்பல் ரிப்பேர்னு சொல்லும்” என்றாள் அவள். “அக்காளுக்காச்சும் சொல்லிப்போடுங்க.”

நான் கேட்கவில்லை. ஐந்து ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். மகளிடம் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம் என்று சொன்னேன்.

மறுநாள் மதியம் அக்கா போன் பண்ணினாள். நான் லாட்ஜ் வாசலில் நின்று மாம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏறிட்டியா சாமி?”

“ஏறியாச்சுக்கா.”

அந்த நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் காதைக் கிழிக்கும்படி ஆரன் அடித்துக்கொண்டு போனது.

“அதென்ன சாமி, ஆரன் சத்தம்?”

“கப்பல் ஆரன்க்கா. பொறப்படப் போவுது. இனிமே டவர் கெடைக்காது, நீ கூப்புடாத.”

“செரி செரி, பத்தரமாப் போயிட்டு வா” என்று வைத்துவிட்டாள். ஜூஸ் தீர்வதற்குள் ஒருசந்தி ஞாபகம் வந்துவிட்டது. கூப்பிட்டு, “அக்கா, பொய் சொல்லிட்டேன், நீ சாப்புடு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைச் சட்டைப் பையில் போட்டேன். நாளைக்கும் அப்படியே செய்தேன்.

அந்த நாட்களை நான் சுகமாகக் கழித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு ஓய்வு எனக்கு வாய்த்ததில்லை. தேடி வர ஆள் கிடையாது, போன் அடிக்காது. காலையில் எட்டு மணி வரை தூக்கம். மெஸ்ஸில் இட்லி, குடல் குழம்பு. மதியம் ஏசியைப் போட்டுக்கொண்டு மறுபடி தூக்கம். ஒருநாள் ஏற்காடு போய் ஏரியில் படகு விட்டோம். “இதான் நம்ம கப்பல்” என்று மனைவியிடம் ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெளியே போகும்போதெல்லாம் முகக்கவசம் மாட்டிக்கொள்வேன். கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சிப்போனது. யாராவது பழைய மாணவன் பார்த்து, “வணக்கம் சார், கப்பல் போயிடுச்சுங்களா?” என்று கேட்டுவிடக் கூடாதே.

ஆறாம் நாள் சாயங்காலம் மனைவி தலைவலி என்று படுத்துவிட்டாள். நான் மட்டும் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தட்டுவடை செட் சாப்பிடப் போனேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்துத் தருவார்களே, அதற்கு நான் அடிமை. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு முதல் செட்டை வாய்க்குள் தள்ளியபோது, எதிர்ப்பக்கம் ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினாள்.

பக்கத்து வீட்டுப் பெண் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அக்காவின் மறு கையில் ஆஸ்பத்திரி பைல் துருத்திக்கொண்டிருந்த மஞ்சப்பை. புறங்கையில் வெள்ளை பிளாஸ்திரி. குளுக்கோஸ் ஏற்றிய இடம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு கடைப் படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூட வந்தவள் பஸ் பார்க்கப் போனாள். எங்களுக்கு நடுவில் ஒரு ரோட்டின் அகலம்தான்.

பத்து எட்டு வைத்தால் அவள் முன்னால் போய் நின்றிருக்கலாம். என் கால் எடுத்து வைத்த எட்டு பின்பக்கம் இருந்தது. தட்டுவடை வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. அதை மூன்று முறை படித்தேன். வாயில் இருந்த தட்டுவடையைச் சத்தம் வராமல் மென்று விழுங்கினேன். திரும்பிப் பார்த்தபோது படி காலியாக இருந்தது. வண்டிக்காரர், “இன்னொரு செட் போடட்டுங்களா?” என்றார். தலையாட்டினேன். அதையும் தின்றேன்.

அறைக்குத் திரும்பிப் போனை எடுத்தேன். இப்போது உண்மையைச் சொன்னால், ஆறு நாள் பட்டினி போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் மூன்றே நாளில் நிஜமாகவே ஏறிவிடுவோம், அப்புறம் நான் சொன்னது ஏறக்குறைய உண்மையாகிவிடும் என்று ஒரு கேடுகெட்ட சமாதானம் தோன்றியது. அதைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். மனைவியிடமும் சொல்லவில்லை.

கப்பல் மகள் சொன்னதைவிடப் பெரிதாக, அழகாகத்தான் இருந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை ஓயாமல் சாப்பாடு. எது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கொழும்பைத் தாண்டியதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நானும் ஒருசந்தி இருப்பது என்று முடிவெடுத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் யாரோ வறுத்த இறாலைத் தட்டு நிறைய வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். என் விரதம் அதோடு சரி. உடம்பில் ஒரு வியாதியும் இல்லாத எனக்கு மூன்று நாள் தாங்கவில்லை.

ஊர் திரும்பியதும் துணிமணியைக்கூட மாற்றாமல், சிங்கப்பூரில் வாங்கிய சால்வையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இந்த முறை எதையும் மறைப்பதில்லை என்று வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே நடந்தேன். அக்கா பட்டியில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். ரவிக்கைக் கை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது.

“வந்துட்டியா சாமி! எப்படி இருந்துது கப்பலு?”

“அக்கா, உன்றகிட்ட ஒன்னு சொல்லோணும். நான் அன்னைக்குக் கப்பல் ஏறலை. ஒம்பது நாளு சேலத்துலதான்...”

அக்கா தழையைக் கட்டி முடித்தாள். கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அட ஏஞ்சாமி, பஸ் ஸ்டாண்டுல தட்டுவடை தின்னுட்டு நின்னியே, எனக்கும் ஒன்னு வாங்கிக் குடுத்திருந்தா ஒருசந்தியை அங்கயே முடிச்சிருப்பேனே” என்றாள்.

கையில் இருந்த சால்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“பாத்துட்டு ஏங்க்கா கூப்புடலை?”

“நீ செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டே. ஒதுங்கி நிக்கறவனை நாலு பேத்துக்கு நடுவுல கூப்புட்டா உனக்குச் சங்கடம். அதுதான் கூட வந்தவளை இழுத்துக்கிட்டு அக்கட்டால போயி நின்னேன்.”

“அப்பறமும் எதுக்குப் பட்டினி கெடந்தே? நாந்தான் ஏறலைன்னு தெரிஞ்சுபோச்சே.”

“நல்லாக் கேட்டே போ. அதுக்கப்பறந்தான நெசமாத் தண்ணிக்குப் போனே?” என்றாள். “எந்த நாளு ஏறுவீன்னு எனக்குத் தெரியாது. கூப்புட வேண்டாம்னு வேற சொல்லிப்போட்டே. அதனால உடாம இருந்துட்டேன்.”

என் அழுகையைப் பார்க்காத மாதிரி அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். கீழே இரண்டு தட்டு வைத்திருந்தாள். கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் இறங்கிவிட்டேன் என்று மனைவி காலையில் போனில் சொன்னதுமே கோழி பிடித்தாளாம். “வா, இன்னைக்கு ராத்திரிக்கு நானும் சாப்புடறேன்” என்று எதிரில் உட்கார்ந்தாள். முப்பத்தொரு நாளைக்குப் பிறகு அவள் சாப்பிடும் முதல் ராத்திரிச் சாப்பாடு. ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றாள். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கப்பல்ல இந்தக் கொழம்பெல்லாம் கெடைச்சிருக்காது. இன்னுங்கொஞ்சம் ஊத்தட்டா?” என்று கரண்டியை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதைகூட எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.