கடைசி வரிசையில் இருந்து கேட்டவர்

செய்தி வந்தபோது நான் நீதிமன்றக் காத்திருப்பு அறையில் இருந்தேன். கைத்தொலைபேசியின் ஒலியை நிறுத்தி வைத்திருந்தபடியால், மலரக்காவின் பெறாமகள், அவருடைய தங்கையின் மகள், திரும்பத் திரும்ப அழைத்ததை நான் அறியவில்லை. வழக்கு ஒத்திவைக்கப்பட்ட பின் வெளியே வந்து, படிக்கட்டில் நின்று அவளை அழைத்தேன்.

"அங்கிள், பெரியம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா. ஹார்ட்தான். அம்புலன்ஸ் வர முதலே..." என்றாள். பிறகு, "பெரியம்மா முந்தி வேலை செய்த ஒஃபிசுக்கும் சொல்லவோ?" என்று கேட்டாள்.

நான் சட்டத்தரணி; உடனே பதில் சொல்லாதிருப்பது என் தொழிலில் பழக்கம். அன்று என்னைத் தாமதிக்க வைத்தது பழக்கம் அல்ல. "சொல்லுங்கோ பிள்ளை. எங்களுக்குத் தெரியாது எண்டு அவை பிறகு சொல்லக்கூடாது" என்றேன்.

செல்வி இராசமலரை, எங்கள் மலரக்காவை, அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரைக் கிழக்கு இலண்டனின் குட்மேய்ஸ் ஸ்டேஷனில், தோளில் கனத்த பையுடன், யாரையோ கண்டிக்கப் போகிறவர் போன்ற நடையுடன் கண்டிருப்பீர்கள். கோயிலில் வரிசையைக் குலைப்பவர்களை அவர் அதட்டியதையும் கேட்டிருப்பீர்கள். ஆனால், அவர் என்ன வேலை செய்தார் என்பது உங்களில் சிலருக்கே தெரியும். "ஏதோ சைனாக்காரருக்கு இங்கிலீசு" என்பதுதான் பொதுவான தகவல். அது பிழையல்ல, போதாது.

சீனாவின் உயர்நிலைப் பள்ளிகள் தம் மாணவரின் ஆங்கிலக் கேட்டல், வாசித்தல் திறன்களைச் சோதிக்க வினாத்தாள்களையும் ஒலிப்பதிவுகளையும் விலைக்கு வாங்குவதுண்டு. அவற்றைத் தயாரித்து விற்ற இலண்டன் நிறுவனம் ஒன்றில் மலரக்கா பரிசோதகராக இருந்தார். தாள்களை எழுதியவர்கள் வேறு. எழுதப்பட்ட தாள் சோதனைக்கு உகந்ததா என்று சோதிப்பது அவர் பணி. ஒப்பந்த அடிப்படையில் வேலை; தேவைப்படும்போது அழைப்பார்கள். அந்த ஏற்பாட்டின் விளைவு பின்னால் வரும். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. அச்சத்தினால் அல்ல, ஒரு பெயரை எழுதுவதற்கு எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பதை அறிந்தவன் என்பதால்.

அவருடைய முறை எப்படிப்பட்டது என்பதை ஒருநாள் ரயிலில் கண்டேன். நகரத்திலிருந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளிகளில் பயன்பட்டு முடிந்த பழைய வாசிப்புத் தாள் ஒன்றை எடுத்து, வாசிப்புப் பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் என்னிடம் காட்டினார். கிழவர் ஏன் மருத்துவருக்கு நன்றி சொன்னார் என்பது கேள்வி. கீழே நான்கு விடைகள். கதையை வாசிக்காமல் எப்படிச் சொல்வது என்று நான் மறுத்தேன்.

"சும்மா சொல்லும். வழக்கில மட்டும் வாசிச்சுப் போட்டோ கதைக்கிறனீர்?"

ஒரு விடையைச் சொன்னேன். அடுத்த கேள்விக்கும் சொன்னேன். அதற்கடுத்ததற்கும் சொன்னேன். எல்லாம் சரி.

"கண்டீரே தம்பி, ஒரு வரி வாசிக்காமல் நீர் பாஸ். அப்ப இது வாசிப்புச் சோதனையோ? கெட்டிக்காரப் பெடியன் கெட்டிக்காரன் எண்டு சொல்லுறதுக்கு ஒரு சோதனை. கஷ்டப்பட்டு வாசிச்ச பிள்ளைக்கு இதில என்ன லாபம்?"

ஒவ்வொரு தாளையும் முதலில் பகுதியை மறைத்துவிட்டுத்தான் அவர் செய்து பார்ப்பார். மறைத்தும் விடை வந்தால் அந்தக் கேள்வி தள்ளுபடி. கேட்டல் தாளையும் அப்படியே, ஒலிப்பதிவைப் போடாமல் ஒருமுறை செய்வார். இதனால் தாள் எழுதியவர்களின் அன்பை அவர் பெறவில்லை.

வகுப்பறையின் கடைசி வரிசை அவர் மனதில் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்காக இலண்டன் வந்திருந்த சீன ஆசிரியை ஒருவருடன் மதிய உணவு வேளையில் அவர் பேசிக்கொண்டிருந்தாராம். வகுப்பில் ஒலிபெருக்கி எங்கே இருக்கும் என்று கேட்டிருக்கிறார். கரும்பலகைக்கு மேலே என்றார் அந்த ஆசிரியை. பிள்ளைகளை எப்படி இருத்துவீர்கள்? உயர வரிசையில், குள்ளமானவர்கள் முன்னால், நெட்டையர்கள் பின்னால். கேட்டல் சோதனையில் யார் குறைவாக எடுக்கிறார்கள்? ஆசிரியை சிரித்துவிட்டு, நெட்டைப் பையன்கள் என்றாராம். அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? சோம்பல் என்று சொல்வோம்.

இதை எனக்குச் சொன்னபோது மலரக்கா சிரிக்கவில்லை. "நெட்டையாப் பிறந்ததுக்குச் சோம்பேறிப் பட்டம். பாரும் நியாயத்தை" என்றார்.

அன்றிலிருந்து எந்தப் பதிவையும் அவர் காதில் கருவி மாட்டிக் கேட்டு ஒப்புதல் தந்ததில்லை. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை நடந்த மண்டபத்தின் திறப்புச் சாவி, நிர்வாகக் குழு உறுப்பினன் என்ற வகையில் என்னிடம் இருந்தது. வகுப்புகள் முடிந்ததும் மண்டபத்தின் ஒலிபெருக்கியில் சிடியைப் போட்டுவிட்டு, கடைசி வரிசைக் கதிரையில் போய் உட்கார்ந்துவிடுவார். பழைய தாளாக இருந்தால், பிள்ளைகளை ஏற்ற வந்த பெற்றோரையும் பிடித்து இருத்துவார். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே கடை போட்ட ஒருவர் ஒருமுறை அரை மனதுடன் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா, இந்த மனுசன் வாய்க்குள்ள பாண் துண்டை வைச்சுக்கொண்டு கதைக்கிறார்."

"உமக்கு விளங்கேல்லையோ, கேக்கேல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லும். ரெண்டும் ரெண்டு வருத்தம்."

அவர் யோசித்தார். "கேட்டால்தானே அக்கா விளங்கினதோ இல்லையோ எண்டு சொல்ல ஏலும்."

"இதைத்தான் ஒஃபிசில ஆறு மாசமாச் சொல்லுறன்" என்றார் மலரக்கா. அந்தக் கடைக்காரரை அவர் பிறகு எங்கு கண்டாலும் 'புரொஃபெசர்' என்றுதான் அழைத்தார்.

இனி, இந்தக் குறிப்பை எழுதக் காரணமான விடயம்.

ஒரு புதிய கேட்டல் தாளின் பதிவு அவரிடம் வந்தது. இன்னும் எந்தப் பள்ளிக்கும் போகாத தாள். வழக்கம்போல் மண்டபத்தைத் திறந்துவிட்டேன். உள்ளே வந்து உட்கார முற்பட்டபோது அவர் என்னைத் தடுத்தார்.

"நீர் வெளியில இரும் தம்பி. இது இன்னும் பிள்ளையள் எழுதாத பேப்பர். நான் கேக்கலாம், நீர் கேக்கக்கூடாது."

"நான் யாருக்கு அக்கா சொல்லப் போறன்?"

"சொல்ல மாட்டீர், தெரியும். எண்டாலும் வெளியில இரும்."

நான் நடைபாதையில், மூடிய கதவுக்கு வெளியே, பழைய நாளிதழ் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவர் முகம் இறுகியிருந்தது. வாசித்த ஆண் குரல் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தாழ்ந்துபோகிறது, விடைகள் பெரும்பாலும் வாக்கியத்தின் முடிவில்தான் இருக்கின்றன, கடைசி வரிசைக்கு அவை வந்து சேரவில்லை என்றார். மறு பதிவு தேவை என்று நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். திட்டப் பொறுப்பாளர் தம் மேசையில், காதுக் கருவி மாட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் தெளிவாக இருக்கிறதே என்றார். வாசித்த நடிகர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அனுப்ப வேண்டிய தவணை நெருங்கிவிட்டது. தாள் போயிற்று.

பள்ளிகளிலிருந்து முறைப்பாடு வந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் கூட்டமாகத் தவறியிருந்தார்கள். நிறுவனம் அனுப்பிய பதிலில், பதிவைப் பரிசோதித்தவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர் என்றும், பரிசோதகர் மாற்றப்படுகிறார் என்றும் இருந்தது. முன்பு இலண்டன் வந்திருந்த அதே ஆசிரியை, அது நீங்களா என்று மலரக்காவிடம் விசாரித்தார். அப்படித்தான் அவருக்கு விடயம் தெரிந்தது. குறையைக் கண்டவர் அவர் ஒருவரே. குறை அவருடைய காதில் வைக்கப்பட்டது.

என் அலுவலகத்துக்கு வந்து அவர் கேட்டது இதுதான்: "எனக்கு வேலை திரும்ப வேண்டாம். நட்டஈடு வேண்டாம். 'அவ கேக்கேல்லை எண்டு சொன்னது சரி' எண்டு ஒரு வசனம் அந்தப் பள்ளிக்கூடங்களுக்கு எழுதட்டும். என்ர பேருக்காக மட்டும் இல்லை. அந்தப் பிள்ளையளுக்கும் தங்கட பிழை இல்லை எண்டு தெரிய வேணுமே."

சட்டநிலையை மறைக்காமல் சொன்னேன். அவர் ஊழியர் அல்லர். அழைக்காமல் விடுவது பணிநீக்கம் ஆகாது. அவருடைய தாய்மொழி ஆங்கிலம் அல்ல என்பது உண்மையாதலால், அதை எழுதியதை அவதூறு என்று நிரூபிப்பது கடினம். மண்டபத்தில் அன்று கேட்டவர் வேறு யாரும் இல்லை. ஒரேயொரு சாட்சி இருந்திருக்கக்கூடும். அந்தச் சாட்சியை அவரே கதவுக்கு வெளியே இருத்திவிட்டார். இதை நான் சொன்னபோது, "அதை மாத்தி யோசிக்காதையும். பேப்பரைக் காப்பாத்துறதும் என்ர வேலைதான்" என்றார்.

அவர் சார்பில் கடிதங்கள் எழுதினேன். ஒரு பதில் வந்தது. பழையவற்றை இரு தரப்பும் கிளறாமல் விட்டால், அடுத்த தவணையிலிருந்து மீண்டும் அவரை அழைக்கத் தயார் என்றார்கள். நிறுவனத்தின் நோக்கில் அது தாராளம். அதைத் தமிழில் விளக்கிச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"எனக்கு இங்கிலீசு விளங்கும் தம்பி. அவைக்குத்தான் அது தெரியாது."

மறுத்துவிட்டார். அந்த மறுப்பைப் பற்றி நம்மவர்கள் பேசியதும் எனக்கு நினைவிருக்கிறது. மனோர் பார்க் கோயில் வாசலில் சப்பாத்தைத் தேடிக்கொண்டே ஒருவர் சொன்னார்: "ஒரு வசனத்துக்காக நல்ல வேலையை விட்டவ. எங்கட ஆக்களுக்கு ரோசம் கூடிப்போச்சு." பக்கத்தில் நின்றவர், "சைனாக்காரப் பெடியள் பாஸ் பண்ணினால் என்ன, பண்ணாட்டில் என்ன, அவவுக்கு?" என்றார். அவர்கள் பெயரையும் நான் எழுதவில்லை. அவர்களில் ஒருவர் இறுதிச் சடங்கில் மிக நீண்ட இரங்கலுரை ஆற்றினார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அதன்பின் மலரக்கா இல்ஃபோர்டில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலைக்குப் போனார். "முழுநாளும் கேக்கிறதுதான் வேலை. என்ர காதைப் பற்றி ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். அதுவே கேட்பவருக்குக் கடினமாக இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது, "அவை எழுதிச்சினமோ?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். "சரி, பொங்கலைத் தாங்கோ" என்று என் மனைவியிடம் திரும்பிவிடுவார். இந்த வருடமும் கேட்டார்.

தகனச் சாலைக்கு அந்தத் திட்டப் பொறுப்பாளர் வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, கையில் மலர்கள். பேச அனுமதி கேட்டார், கொடுத்தார்கள். மலரக்காவின் காது தங்கள் அலுவலகத்திலேயே மிகக் கூர்மையானது என்றும், ஒன்று கேட்கவில்லை என்று அவர் சொன்னால் அது யாருக்கும் கேட்காது என்றும் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையைச் சொன்னார். என் குற்றச்சாட்டு அதுதான். இவ்வளவு காலமும் அவருக்குத் தெரிந்திருந்த அந்த வசனத்தை, அதைக் கேட்கக் காத்திருந்த ஆள் பெட்டிக்குள் கிடந்தபோது அவர் சொன்னார்.

வெளியே வாசலில் அவரிடம் போனேன். உள்ளே சொன்னதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். என் தோளைத் தொட்டு, இது அதற்குரிய இடம் அல்ல என்றார். உரிய இடம் எது என்று கேட்டேன். பெறாமகள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அங்கிள், இண்டைக்கு விடுங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"பெரியம்மா விட்டிருப்பாவோ?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். "இல்லை. விட்டிருக்க மாட்டா" என்றாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். "கேளுங்கோ."

அதற்குள் அவர் தம் காரை நோக்கி நடந்துவிட்டார்.

ஒருவரின் நற்பெயர் பற்றிய உரிமை அவருடனேயே இறந்துவிடுகிறது என்பது இந்த நாட்டுச் சட்டம். அதை நான் அறிவேன். அறிந்துகொண்டே மறுநாள் அந்த மனிதருக்குக் கடிதம் எழுதினேன். இதை எழுதும் வரை பதில் இல்லை, அடுத்ததையும் எழுதுவேன். மலரக்காவிடமிருந்து என்னிடம் மீந்திருப்பது, ஒரு வசனத்துக்கான அந்தக் கோரிக்கை. அதை அவர் மீளப்பெறவில்லை. நானும் மீளப்பெறப் போவதில்லை.