ஆடிய முள்ளும் சூடான கேபிளும்

திருத்தங்கல்லில் வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன். ஒரு சீசன் சமயம், பட்டாசு லோடு ஏற்றும் மினி லாரி ஒன்றை டிரைவர் செல்வம் கொண்டுவந்தார். டேஷ்போர்டில் டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சில நேரம் சேர்ந்து ஆடும். சில நேரம் ஒழுங்காக நிற்கும். என் முன்னால் ஆடவே இல்லை.

"உங்களப் பாத்தா மட்டும் ஒளுங்கா நிக்குதுண்ணே. என்னையத்தான் கிறுக்கனாக்குது" என்றார்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காகப் பெயின்ட் அடித்து வந்ததிலிருந்து ஆக்சிலேட்டரும் இறுகிக் கிடக்கிறது என்றும் சொன்னார். அது மெக்கானிக் பார்க்கிற வேலை என்று நான் காதில் வாங்கவில்லை. முள் இருக்கும் மீட்டரைக் கழற்றி வேறொன்றை மாட்டினேன். இரண்டு முறை ஸ்டார்ட் செய்தோம், முள் ஆடவில்லை. அனுப்பிவிட்டேன்.

மதியம், கழற்றிய மீட்டரை பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். தட்டினேன், வயரை ஆட்டினேன். முள் அசையவில்லை. மீட்டரில் கோளாறே இல்லை.

இரண்டு முள்ளும் சேர்ந்து ஆடினால் முதலில் எர்த்தை, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பை, பார்க்க வேண்டும். தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் விட்டுவிட்டேன். அப்போதுதான் ஆக்சிலேட்டர் நினைவுக்கு வந்தது. நடுவில் பெயின்ட் புகுந்து, இன்ஜினின் எர்த் பட்டை வண்டியின் இரும்புச் சட்டமான சேஸில் சரியாகப் பிடிக்காவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் பழுக்கக் காயும். மேலுறை உருகி இறுகும். இந்த வண்டியில் ஏறுவதோ பட்டாசு.

செல்வத்துக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பட்டாசுக் கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கம்பெனி நம்பர் என்னிடம் இல்லை. லோடு ஏறும்வரை இன்ஜின் அணைந்திருக்கும், ஏறி முடிந்ததும் சாவி போடுவார். ஆமத்தூர்ப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனிக்கு பைக்கை விரட்டினேன்.

வாட்ச்மேனிடம் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன். லோடு ஏறிவிட்டது. செல்வம் கேபினில் கால் வைத்திருந்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். அன்று கத்தினேன்.

"செல்வம், சாவியத் தொடாதே."

லோடுமேன்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் வந்தார். விஷயத்தைச் சொல்லி, லோடை இறக்க வேண்டும் என்றேன்.

"சீசன் நேரத்துல ஏறுன லோட எறக்கச் சொல்றீகளே. முள்ளு ஆடுனா வண்டி ஓடாதா?"

பெயின்டர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை.

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. பாக்காம அனுப்பிட்டேன்."

"கேபிள் சுடும்னு கண்டிப்பாச் சொல்றீகளா?"

"கண்டிப்பாத் தெரியாது அண்ணாச்சி. அதான் எறக்கச் சொல்றேன்."

 அவர் லோடுமேன்களிடம் இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

காலி வண்டியை ஆட்கள் கேட்டுக்கு வெளியே வெகுதூரம் தள்ளிக்கொண்டு போனார்கள். செல்வம் சாவி போட்டார். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மறுபடி போடச் சொன்னேன். மூன்றாம் தடவை இரண்டு முள்ளும் துள்ளின. ஆக்சிலேட்டர் பெடல் பக்கத்தில், கேபிளிலிருந்து புகை வந்தது.

எர்த் போல்ட்டைக் கழற்றினேன். பட்டைக்கும் சேஸுக்கும் நடுவில் புதுப் பெயின்ட். அரத்தால் சுரண்டி முடுக்கினேன், கேபிளை மாற்றினேன். பத்துத் தடவை ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு தடவையும் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. அதன் பிறகுதான் லோடு ஏறியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோளாறு உங்கள் முன்னால் வரவில்லை என்பதற்காக, சரியாகிவிட்டது என்று வண்டியை அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால், பின்னாலேயே போங்கள்.