ஐந்தாம் வகுப்பில் ஒரு கப்பல்

என் மகளுக்குத் தலை பின்னிவிடும் நேரம்தான் எங்கள் வீட்டில் பரீட்சை நேரம். பின்னல் என் பிடியில் இருக்கும். அவளால் எழுந்து ஓட முடியாது.

"ஆரும் கேட்டா, எப்பிடி வந்தனீங்கள் எண்டு சொல்லவேணும்?"

"பிளேனில."

"அப்பா?"

"அப்பாவும் பிளேனில. அம்மா, இட் ஹர்ட்ஸ்!"

நாங்கள் வந்தது படகில். அவள் அப்போது என் வயிற்றில். இன்றுவரை எங்களுக்குத் தற்காலிக விசாதான். கைபேசியில் மின்னஞ்சல் சத்தம் கேட்டாலே, விசாக் கடிதமோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். படகுக் கதை அதிகாரிகளுக்குத் தெரியாததில்லை. எல்லாம் அவர்களிடம் பதிந்திருக்கிறது. அது எனக்கும் தெரியும். பயத்துக்குத் தெரியவேண்டுமே! நாங்கள் இருக்கிற ஸ்பிரிங்வேலில், கடையில் யாராவது இரண்டு தரம் உற்றுப் பார்த்தால், மரக்கறியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வருகிற ஆள் நான்.

அப்படிப்பட்ட எனக்கு வந்த சோதனை, இந்தத் தவணை மகளின் ஐந்தாம் வகுப்பில் அமெரிக்கச் சரித்திரமாம். குடியேறியவர்கள் கப்பலில் வந்ததும், பிறகு மேற்கே போய் நிலம் பிடித்ததும். ரீச்சர் அமெரிக்காவில் பிறந்தவர், நல்ல மனுசி. நாங்கள் இருக்கிற இந்த நாட்டுக்கு வந்த படகுகளைப் பற்றிக் கதைத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த நாட்டுக் கப்பலை எடுத்துக்கொண்டார்.

பள்ளி மண்டபத்தின் ஒரு மூலையில் உட்காரும் வாங்குகளை அடுக்கிக் கப்பல் செய்திருந்தார்கள். நடுவில் குடிவரவு அதிகாரியின் மேசை. அதற்கு அப்பால் மேற்குத் திசை. தரையில் டேப் ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்த நிலம். மேசையில் கையில் ஸ்டாம்ப் வாங்கிய பிள்ளை ஓடிப்போய் ஒரு கட்டத்தைப் பிடிக்கலாம். முன்பே அங்கே வாழ்ந்த மக்களாக நாலு பிள்ளைகள் நின்றார்கள். மற்றவர்கள் வரவர அவர்கள் சுவரோடு ஒதுங்கவேண்டும். அதுதான் பாடம்.

நான் பிள்ளைகள் சாப்பிட ரோல்ஸ் தட்டைக் கொடுத்துவிட்டு வரத்தான் அன்று போனேன். அதிகாரியாக நடிக்க ஒத்துக்கொண்ட தகப்பன் ஒருவர் வரவில்லையாம். ரீச்சர் ஒரு நீலத் தொப்பியை என் தலையில் கவிழ்த்து, எப்படி வந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள், போதும் என்றார். அட கடவுளே, நடிக்க எனக்கு வேறு வேடமே கிடைக்கவில்லையா! மாட்டேன் என்று சொல்லவும் பயம். உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். "ஷிப்!" "ஷிப்!" நான் ஸ்டாம்ப் குத்திக்கொண்டே இருந்தேன். பிறகு என் மகள் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி, தலை பின்னும்போது இருக்கிற மாதிரியே நிமிர்ந்து நின்றாள். எப்படி வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பை பிளேன்," என்றாள்.

வகுப்பே சிரித்தது. ரீச்சரும் சிரித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் பிளேன் ஏது கண்ணே, யோசித்துச் சொல்லு என்றார். அவள் சிரிக்கவில்லை. மேசையில் குனிந்தாள். பள்ளியில் செத்தாலும் தமிழ் பேசாத பிள்ளை, என் காதோடு கேட்டாள்.

"அம்மா, படகு எண்டு சொல்லலாமா? உங்களைப் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினமே?"

பின்னால் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். "சொல்லம்மா," என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

"பை போட்!" என்று கத்தினாள். "மை மம் கேம் பை போட்!"

நான் வாசலைத்தான் பார்த்தேன். யாரும் வரவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று அந்த மண்டபத்தில் எல்லோருமே கப்பலில் வந்தவர்கள். அருமையான நடிப்பு என்று ரீச்சர் கைதட்டினார். நான் என் பிள்ளையின் கையில் ஸ்டாம்பைக் குத்தினேன். அவள் ஓடிப்போய் ஒரு கட்டத்துக்குள் நின்றாள். சுவரோரம் நின்ற பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார்கள்.

அடுத்த நாள் காலை வழக்கம்போலப் பின்னலைப் பிடித்தேன். நான் வாய் திறக்குமுன் அவள் முந்திவிட்டாள்.

"அம்மா, எனக்கு நீங்கள் ஸ்டாம்ப் குத்தினீங்கள். உங்களுக்கு ஆர் குத்துவினம்?"

பிடித்திருந்த பின்னலை விட்டுவிட்டேன்.