மதினி குடித்த அயோடின்

அறுபதுகளின் கடைசியில் எங்கள் செக்காலைத் தெரு வீட்டில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அண்ணன், மரவேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தான்.

அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, அவளுக்குக் கழுத்தில் கழலை. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனாள். மெட்ராஸில் கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்து அனுப்பினார்கள். ரெண்டு வாரம் பிள்ளையைத் தூக்க வேண்டாம், அப்புறம் பயமில்லை என்றார் டாக்டர். பிள்ளை அப்போதுதான் பால் மறந்திருந்தது.

அண்ணனுக்கு அது போதவில்லை. "டாக்டரு ஆயிரம் பேரப் பாக்குறவுக. நீ நம்ம வீட்டுப் புள்ள, நீ சொல்லு. ரெண்டு வாரத்துல சுத்தமாப் போயிருமா?"

சும்மா இருந்திருக்கலாம். நோட்டைப் பிரித்துப் படம் வேறு போட்டேன். எட்டு நாளில் கதிர்வீச்சு பாதி, அடுத்த எட்டு நாளில் அந்தப் பாதியில் பாதி. கோடு இறங்கிக்கொண்டே போகும், அடியைத் தொடவே தொடாது. "எந்தக் காலத்துலயும் முழுசாப் போகாதுண்ணே" என்றேன். பரீட்சையில் எழுதினால் அதற்கு முழு மார்க்.

பின்கட்டில், வீட்டுக்குத் தூரமானால் உட்காரும் அறை ஏற்கனவே இருந்தது. மதினி அங்கேயே தங்கிவிட்டாள். தனித் தட்டு, தனிப் பாய். மாசம் மூன்று நாள் இருந்து பழகிய இடம்தானே என்று யாருக்கும் அது பெரிசாகத் தெரியவில்லை, எனக்கும்தான். பகலில் ஆத்தா பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். காலேஜ் விட்டு வந்தால் என் இடுப்புதான். "அங்குட்டு நின்னே புள்ள மொகத்தக் காட்டுடி" என்பாள் மதினி. "கிட்ட வராதீக மதினி" என்று முற்றத்துக்கு இந்தப் பக்கம் நின்றே காட்டுவேன்.

நாலு மாசம் கழித்து லேபில் வினைவேகப் பரிசோதனை வந்தது. எஸ்டரில் அமிலத்தைச் சேர்த்து, பத்து நிமிஷத்துக்கொரு தரம் கொஞ்சம் எடுத்து அளக்க வேண்டும். கடைசி அளவு, வினை முழுக்க முடிந்த பிறகு எடுப்பது. அதற்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"கணக்குப்படி முடியவே முடியாதும்மா. ஆனா நாளைக்கு வந்து எடு, போதும். பத்துத் தடவை பாதியாயிட்டா இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்றார் சார்.

பியூரெட்டை விட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினேன். மதினி அயோடின் குடித்து நாலு மாசம், எட்டு நாளுக்கொரு தரம் என்றால் பதினைந்து தடவை பாதி. அடிப்பாவி, என்னடி செய்து வைத்திருக்கிறாய்!

வீட்டுக்கு ஓடி, அண்ணனிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் மதினி மடியில் வைத்தான். அவள் எங்கே பிடிப்பது என்று தெரியாதவள் மாதிரி தடவித் தடவிப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டுத் திரும்பி, "ம்மா" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டியது.

மதினி என்னைத் திட்டியிருக்கலாம். "பயப்புடுது, நீயே வாங்கிக்க" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். பிள்ளை அழுகையை நிறுத்தி என் தோளில் முகத்தைப் புதைத்ததும், மதினி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.