கெண்டை பிடித்த ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் வத்தலக்குண்டு ரோட்டில் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டப் போனேன். கடைக்காரர் ஆணியைப் பிடுங்கினார், அந்த ஓட்டைக்குள் ஒரு பழுப்புத் திரியைச் சொருகினார், துருத்திக்கொண்டிருந்த மிச்சத்தை நறுக்கினார், "கெளம்புங்க சார்" என்றார். டியூபை வெளியே உருவவில்லை. தொட்டித் தண்ணீரில் முக்கிக் கொப்புளம் எங்கே வருகிறதென்று நாங்கள் இருவரும் குனிந்து தேடவில்லை. ஏதோ சாமி இல்லாத கோயிலுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது எனக்கு. "டியூபு?" என்று கேட்டேன். "இதுல ஏது டியூபு" என்று அவர் சிரித்தார். ஆனால் பக்கத்தில் யாருடைய சைக்கிளுக்கோ தடவியிருந்த சொல்யூசன் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. உங்களுக்கு அது ரப்பர் வாசனை. எனக்கு அது மீன் வாசனை.

காரணம் இருக்கிறது. என் முதல் வேலை திண்டுக்கல்லில் ஒரு லாரி செட்டில். முன்னறையில் நானும் ஜோசப்பும் சரக்குக்கு ரசீது எழுதுவோம். பின்கட்டில் மாணிக்கம் அண்ணன் டயர் பார்ப்பார். லாரியின் பின்சக்கர டியூபில் காற்றடித்தால் எவ்வளவு பெரிதாக ஊதும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாரம் ஆறு நாள் அது லாரி டயருக்குள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் படகு. நடுவில் சாக்கைக் குறுக்கே இழுத்துக் கட்டினால் உட்காருகிற இடம். காலைத் தண்ணீரில் தொங்கவிட்டால் துடுப்பு.

கண்மாய் நிலக்கோட்டைப் பக்கம். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவீர்கள், அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். மழைக்காலம் முடிந்தால் மறுகரை மங்கலாகத் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கும். நடுவே கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் முள்ளோடு நிற்கும். அந்த மரங்களுக்கு அடியில்தான் கெண்டைகள் குடித்தனம். விரால், கெளுத்தி, ஜிலேபி நீங்கலாகக் கட்லா, ரோகு எல்லாமே எங்கள் பேச்சில் கெண்டைதான். கரையிலிருந்து எவ்வளவு வீசினாலும் இரை அந்த மரங்களுக்குப் பாதி வழியில் விழுந்துவிடும். அதற்குத்தான் டியூப்.

இரை என்றதும் பெருங்காய வாசனை வருகிறது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, தவிடு சேர்த்து, பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றிப் பிசைவார் மாணிக்கம் அண்ணன். ஜோசப் ஏலக்காய் கட்சி. "கெண்டைக்குப் பாயாசம் வக்கிறியாலே" என்பார் அண்ணன். "நீங்க ரசம் வக்கிறீகள்ல, அது கேட்டுச்சா?" என்பான் அவன். நான் நடுநிலைமையாக இருக்கட்டும் என்று ஒருமுறை பன்னீர் கலந்து பார்த்தேன். கரையில் இருந்த எறும்பு எல்லாம் வந்தது, கெண்டை மட்டும் வரவில்லை. பிசைந்ததைக் கோழிமுட்டை அளவு உருட்டி, அதற்குள் சின்னச் சின்னத் தூண்டில் முள்ளாக நாலைந்தை ஒளித்துவைக்க வேண்டும். கட்லாவுக்குக் கடிக்கத் தெரியாது. உருண்டையை முத்தம் கொடுத்து உறிஞ்சும், அப்போது ஏதாவது ஒரு முள் உதட்டில் ஏறும். தூண்டில் நரம்பை நாங்கள் பால்பவுடர் டப்பாவில்தான் சுற்றிவைத்திருப்போம்.

டியூபைத் தார்ப்பாய்க் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கரையில் இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் ஜோசப்புக்குப் பெரிய மீன் மாட்டியபோது அண்ணன் உற்சாகத்தில் கயிற்றை வெடுக்கென்று இழுக்க, நரம்பு அறுந்து மீன் போய்விட்டது. அதற்கப்புறம் இருவரும் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. டயர் தேய்ந்த சங்கதியைக்கூட என் வழியாகத்தான் பரிமாறிக்கொண்டார்கள். கடைசியில் சமாதானமானபோது ஒரு சட்டம் போட்டார்கள். டியூபில் இருப்பவன் கெண்டை பிடித்துவிட்டது என்று கத்தினால், கரையில் இருப்பவன் கயிற்றைத் தொடக்கூடாது. தளர விட்டுவிட வேண்டும். அவனாக மீனைக் களைப்பாக்கிக் கையைத் தூக்கினால்தான் இழுக்கலாம். நல்ல சட்டம். அது என்னைக் கொல்லப் பார்க்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

என் கதைக்கு வருவோம். வருசக்கணக்காகப் போய்வந்தும் நான் ஒரு கெண்டைகூடப் பிடித்ததில்லை. ஜோசப் எனக்குச் 'சுத்த சைவம்' என்று பேர் வைத்திருந்தான். இதற்கிடையில் கல்யாணமும் ஆயிற்று. செல்வி சின்னாளபட்டிக்காரி, தறி ஓடுகிற வீட்டுப் பெண். மாப்பிள்ளைக்கு மீன் பிடிக்கிற பழக்கம் என்று தெரிந்ததும் அவள் அப்பா, "வேலை வெட்டி உள்ளவன் எதுக்குக் கம்மாயில போயிக் கெடக்கணும்?" என்று கேட்டாராம். இவள், "கெடக்கலப்பா, பிடிச்சுக்கிட்டு வருவாரு" என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் ஒவ்வொரு ஞாயிறும் மசாலா அரைத்து வைப்பாள். நான் வெறுங்கையோடு வந்து நின்றதும் கத்திரிக்காயை நறுக்கி அதில் போடுவாள்.

அப்படி இருக்கும்போது கண்மாயை யாரோ குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அடுத்த வாரத்திலிருந்து வெளியாள் தூண்டில் போடக்கூடாது. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மாமனாரும் மாமியாரும் விருந்துக்கு வருவதாக இருந்தது.

காலையில் செல்வி மசாலாக் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"ஏங்க, எங்கப்பாட்ட நீங்க பிடிச்ச மீனுன்னு சொல்லிட்டேன். இன்னைக்கும் கத்திரிக்காதான் வெஞ்சனம்னா நான் அவரு மூஞ்சில முழிக்க ஏலாது. நானும் வாரேன்."

வந்தாள். கரையில் உட்கார்ந்து என் முள்ளை வாங்கிப் பார்த்தாள். நான் போட்டிருந்த முடிச்சைப் பார்த்து, "இது என்ன, பூக்கட்டுன மாதிரி" என்று அவிழ்த்துவிட்டு, தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சைப் போட்டுக் கொடுத்தாள். ஜோசப், "மாப்ள, இன்னைக்கி உனக்குப் பதிலா தங்கச்சிய அனுப்பலாம்டா" என்றான். எனக்கு ரோசம் வந்தது. இன்று கெண்டை இல்லாமல் கரை ஏறுவதில்லை என்று முடிவு செய்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டியூபில் ஏறிவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியுமா என்று அன்றுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது மரியாதை இல்லை.

கருவேல மரங்களுக்குக் கொஞ்சம் இப்பால் நின்று உருண்டையை இறக்கினேன். காற்று மேற்கே இருந்து அடித்தது. மிதக்கிற குப்பை எல்லாம் மரங்கள் பக்கம் ஒதுங்கியிருந்தது. குப்பை ஒதுங்குகிற இடத்தில் கெண்டை மேயும் என்பது எங்கள் கணக்கு. செத்த நேரத்தில் டியூபை ஒட்டிக் கொப்புளம் வந்தது. மணிமணியாக, விடாமல். கண்மாய்ப் பாடப்படி அடியில் கெண்டை சேற்றைக் கிளறுகிறது என்று அர்த்தம். பரவசமாகிவிட்டேன். அப்புறம்தான் இன்னொரு பாடம் ஞாபகம் வந்தது. லாரி செட்டில் டியூபைத் தண்ணீரில் முக்கினால் கொப்புளம் எங்கே வருகிறதோ அங்கே ஓட்டை.

நண்பரே, ஒரே கொப்புளத்துக்கு இரண்டு அர்த்தம் என்றால் நம் மனசு எதை எடுத்துக்கொள்ளும்? கோட்டை மாரியம்மனைக் கூப்பிட்டேன். ஜோசப் கும்பிடுகிற மாதாவையும் கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் வேலை பிரித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டுமே. குனிந்தால் கவிழும். காலை மடக்கி, கட்டைவிரலால் டியூபுக்கு அடியில் தடவித் தடவிப் பார்த்தேன். குளிர்ந்த தண்ணீர். மடக்கிய கால். சுண்டி இழுத்து முழங்காலுக்குக் கீழே சதை கல்லாக இறுகிவிட்டது. உயிர் போகிற வலி. இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு, கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"அண்ணே, கெண்டை பிடிச்சிருச்சு."

எந்த ஊரிலாவது இந்த வார்த்தையால் ஒருவன் செத்திருக்கிறானா தெரியவில்லை. நான் சொன்னது என் கெண்டைக்காலை. அவர்களுக்குக் கேட்டது அவர்கள் கெண்டை. கரையில் இருவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சட்டப்படி மாணிக்கம் அண்ணன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

"இழுங்கண்ணே" என்றேன்.

"இழுக்காத அப்பு. விட்டுப் பிடி. பதறுனா போயிரும்" என்றார் அண்ணன்.

"வலி தாங்கல."

"பெரிசு போல" என்றான் ஜோசப். "கை வலிக்கத்தான்டா செய்யும். வலிக்கலைன்னா அது கெளுத்தி."

"கெண்டைடா, கெண்டை."

"கேட்டுச்சுடா, ஊருக்கே கேட்டுச்சு. அனுபவி."

இவ்வளவு நேரம் செல்வி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "அண்ணே, அவரு கையி ரெண்டும் கால்ல இருக்கு. மீன எதால பிடிச்சாரு?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து கயிற்றை எடுத்துவிட்டாள்.

"தங்கச்சி, தொடாத, மீன் போயிரும்."

"மீன் போனாப் போகட்டும். இவரு போயிட்டா?"

அவள் இழுக்க ஆரம்பித்த அதே நேரம் என் மடியில் இருந்த டப்பா துள்ளி எழுந்தது. காலை விட்டுவிட்டு டப்பாவைப் பிடித்தேன், நரம்பு விர்ரென்று ஓடியது. கொப்புளம் டியூபிலிருந்து வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மாட்டிய மீன் நேராகக் கருவேல முள்ளைப் பார்த்து ஓடியது. முள்ளுக்குள் போனால் நரம்பு அறும். நானும் கூடவே போனால் டியூப் கிழியும். டப்பாவை விட்டுவிடலாம், விட்டால் நிம்மதி. காலில் கல், கையில் மீன், முன்னால் முள். எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் மூன்றுக்கும் சேர்த்து அலறினேனே தவிர, கை டப்பாவை விடவில்லை. அதற்குக் காரணம் வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கத்திரிக்காய்.

"செல்வி, இழுக்காத. மீன் மாட்டிருச்சு."

"இப்பத்தான இழுக்கச் சொன்னீக."

"அது கால் கெண்டை. இது மீன் கெண்டை."

"செத்த நேரம் வாய மூடிக்கிட்டு ரெண்டையும் பிடிங்க" என்றாள். இழுப்பதை நிறுத்தவில்லை.

வெடுக்கென்றும் இழுக்கவில்லை. ஒரே சீராக, கையை மாற்றி மாற்றி, தறியில் பாவு சுற்றுகிற மாதிரி. நரம்பு தந்தியாக முறுகியது. அவள் போட்ட முடிச்சு நழுவவில்லை. முள்ளைப் பார்த்து ஓடிய மீன் மெதுவாக முகத்தைத் திருப்பியது. அவள் என்னை இழுக்க, நான் அதை இழுக்க, மூன்று பேரும் ஒரே கோட்டில் கரைக்கு வந்தோம். மாணிக்கம் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சாக்கை விரித்து அள்ளினார். கட்லா. வாய் மட்டும் என் கை நுழைகிற அகலம். ஜோசப் என் காலை நீவிவிட்டுக்கொண்டே, "சைவம் கலைஞ்சிருச்சு" என்றான்.

சாயங்காலம் மாமனார் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக வைத்தார். குழம்பை வழித்தார். அப்புறம் நிதானமாக என்னைப் பார்த்து, "நல்ல மீனு மாப்ள. எந்தக் கடையில எடுத்தீக?" என்றார்.

செல்வி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் அவருக்கு நேரே விரித்துக் காட்டினாள். கயிறு ஓடிய தடம் கன்றிச் சிவந்து, ஒரு விரலடியில் தோல் உரிந்திருந்தது. "இந்தக் கடையிலதான்ப்பா" என்றாள்.

கையைப் பார்த்தாலே அது என்ன வேலை செய்தது என்று சொல்கிற மனிதர் அவர். வெகுநேரம் பார்த்தார். "வால் துண்டு இருந்தா வையி" என்றார். அதையும் தின்று முடித்துவிட்டுக் கை கழுவும்போது என் பக்கம் திரும்பாமலே, "அடுத்த ஞாயிறு நானும் வாரேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு கிடையாது என்று எப்படிச் சொல்வது. செல்விதான் சொன்னாள். அவர், "அப்பச் சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மீன் இலைக்கு வரும்போதெல்லாம், முதல் கவளத்துக்கு முன்னால், "இது யாரு பிடிச்சது?" என்று கேட்பார். நாங்களும் பக்கத்தில் எந்தக் குளத்தில் யார் பிடித்தார்கள் என்று விசாரித்தே வாங்கிவருவோம். ஆத்தூர்ப் பக்கத்துப் பரிசல்காரர் பிடித்தது, கொடைரோட்டுக் கேட் கீப்பர் தூண்டிலில் விழுந்தது என்று சொல்லிப் பரிமாறுவோம். அப்படிப் பேர் சொல்லி விற்க அப்போது ஆட்கள் இருந்தார்கள். மாமனார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. லாரி செட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது.

முந்தாநாள் மார்க்கெட்டில் தெர்மகோல் பெட்டியைத் திறந்து, ஐஸைத் தள்ளி, ஒரு கட்லாவைத் தூக்கிக் காட்டினான் ஒருவன். செல்வி பழக்க தோசத்தில், "யாரு தம்பி பிடிச்சது?" என்று கேட்டுவிட்டாள்.

அவன் மீனைக் கீழே வைத்தான். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான், நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"போடலியேக்கா" என்றான்.