சம்பந்தப்பட்டவர் வெளியே இருக்க வேண்டும்

எங்கள் கேம்ப்பை இடிப்பது பற்றிப் பேசக் கூட்டிய கூட்டத்தில் என்னை எழுந்து வெளியே போகச் சொன்னார்கள். சொன்னவர்கள் அரசாங்கத்தார் இல்லை, பில்டர்களும் இல்லை. என் கட்சிக்காரர்கள். என்னோடு சேர்ந்து நாலாவில் இறங்கிப் பிளாஸ்டிக் பொறுக்கியவர்கள். நானும் எழுந்து போனேன். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நாலா என்பது டெல்லியில் ஊர்ச் சாக்கடையெல்லாம் போய்ச் சேரும் பெரிய கால்வாய். அதன் கரையில் தமிழ்க் குடும்பங்கள் இருந்த, கேம்ப் என்று சொல்லும் ஒரு குடிசைப் பகுதியில் எனக்கும் ஒரு வீடு இருந்தது. வீடு என்றால் ஒரே அறை, மேலே தகரம். அந்த அறையிலும் பாதியை ஒரு பெரிய கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் உளுந்தும் இட்லி அரிசியும் வாங்கி வந்து, அரைத்து, பாக்கெட் போட்டு, சுற்றுவட்டாரத்துத் தமிழ் வீடுகளுக்கும் மலையாளி வீடுகளுக்கும் கொடுப்பேன். எல்லாம் நடை தூரம். புருஷன் போன பிறகு மகளைப் படிக்கவைத்தது அந்த மாவுதான். அந்த அறை போனால் வாடிக்கை போகும், வாடிக்கை போனால் சோறு போகும்.

கட்சிக்குள் சுற்றுச்சூழலுக்கென்று ஒரு வலையமைப்பு ஆரம்பித்தார்கள். நெட்வொர்க் என்போம். நான் அதில் சேர்ந்தது பூமியைக் காப்பாற்ற இல்லை. மழை பெய்தால் நாலா என் வீட்டுக்குள் வந்துவிடும். அதற்கு யாராவது வழி செய்வார்களா என்று பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டு அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விசிறிக்குக் கீழே உட்காரலாமே என்று வந்தவள். வந்து தூங்குவாள்.

முதலில் எங்களுக்கு விதி என்று எதுவும் கிடையாது. வந்தவன் எல்லாம் மெம்பர், கை தூக்கியவன் எல்லாம் ஓட்டு. அப்போது ஒரு தடவை கரையோரம் மரம் நட முடிவெடுத்தோம். அந்தத் திட்டத்துக்காகத் தொண்டை கிழியப் பேசி, முதலில் கை தூக்கியவனே கன்று சப்ளை செய்கிற வியாபாரி என்பது பிறகுதான் தெரிந்தது. நட்டதெல்லாம் அந்தக் கோடையிலேயே காய்ந்து போனது. பெரிய அவமானம். கட்சியில் மற்றவர்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் விதிகள் வந்தன. எங்கள் கன்வீனர் மத்திய அரசு ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆன தமிழர். நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மற்றவர்களுக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி அவருக்கு விதி. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின! யார் மெம்பர், எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும், பத்திரிகைக்காரர்களிடம் யார் பேசலாம், போட்ட தீர்மானத்தை எப்படித் திருத்துவது. ஒவ்வொன்றையும் ஹிந்தியில் படித்து, எங்களுக்காகத் தமிழிலும் சொல்லுவார்.

அக்கா என் காதில் சொன்னாள், "இந்தாளு ரூல்ஸ ஊத்தியே நாலாவ கழுவிடுவாரு போல."

அந்த விதிகளில் ஒன்று, ஒரு விஷயத்தில் சொந்த லாப நஷ்டம் உள்ளவர் அதைப் பேசும்போது அறையில் இருக்கக் கூடாது, ஓட்டும் போடக் கூடாது. கன்று வியாபாரியை மனதில் வைத்து எழுதியது. நானும் கை தூக்கினேன். அவனை மாதிரி ஆளுக்காக இன்னொரு தடவை கேட்டாலும் தூக்குவேன். விதி நல்ல விதிதான்.

பிறகு கேம்ப்பில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நாலாவை அகலப்படுத்த வேண்டுமாம், கரையில் இருப்பவர்கள் காலி செய்ய வேண்டுமாம். நானும் அக்காவும் எங்கள் ஏரியாவின் கட்சித் தலைவரிடம் ஓடினோம். அவர் கையை விரிக்கவில்லை. "சுற்றுச்சூழல் விஷயம், உங்க நெட்வொர்க் என்ன சொல்லுதோ அதையே கட்சி சொல்லும். தீர்மானம் போட்டுக் கொண்டாங்க, நம்ம வக்கீல அனுப்பறேன்" என்று ஹிந்தியில் சொன்னார். எங்களுக்கு உயிர் வந்தது. நம்ம நெட்வொர்க்தானே!

கட்சி ஆபீஸ் மாடியில் கூட்டம். ஜூன் மாத வெயில், கூலரில் தண்ணீர் இல்லை. கன்வீனர் விஷயத்தைப் படித்து முடித்ததும் ஒரு பேராசிரியை கையை உயர்த்தினார். கல்லூரியில் பாடம் எடுப்பவர், ஹிந்திக்காரர், கெட்டவர் இல்லை. "கன்வீனர் சாப், நியம் தோ நியம் ஹை" என்றார். விதி என்றால் விதிதானே என்கிறார். சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் சங்கடமாகப் பார்த்தார்.

கன்வீனர் எங்கள் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. கொஞ்ச நேரம் நீங்க ரெண்டு பேரும் வெளிய இருக்கணும்."

"எங்க வீட்டப் பத்திப் பேச எங்கள விட்டா வேற யாரு சார் இருக்காங்க?" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

"நாங்க எதுக்கு இருக்கோம்? நாளைக்கு எவனாவது, வீட்டுக்காரங்களே உக்காந்து போட்டுக்கிட்ட தீர்மானம்னு சொன்னா செல்லாமப் போயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்தோம். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. முடிந்துவிட்டதோ என்று எழுந்தோம். கன்வீனர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் இரண்டு பேர் வெளியே வந்ததில் உள்ளே ஓர் ஆள் குறைகிறதாம். விதிப்படி கூட்டம் செல்லாதாம். கூட்டத்துக்கே வராத ஒரு மெம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் கழித்துக் கார் வந்து நின்றது. அந்த மெம்பர் பளபளவென்று ஷெர்வானி போட்டு, சென்ட் மணக்க, படியேறி எங்களைத் தாண்டிப் போனார். வழியில் ஏதோ கல்யாணம் போலிருக்கிறது.

"யார்டி இது, மாப்ள?" என்றாள் அக்கா.

"நம்ம மெம்பர்க்கா."

"நாலாவ பாத்திருக்குமா இது?"

"கார்ல போறப்ப கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போயிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். வீடு போகப் போகிற நேரத்தில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஷெர்வானிக்காரர் சீக்கிரமே இறங்கிப் போய்விட்டார். எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. கன்வீனர் எழுந்து நின்று படித்தார். வசிப்பிடமாக மட்டும் பயன்படும் வீடுகளில் உள்ள குடும்பங்களுக்கு மாற்று வீடு தராமல் இடிக்கக் கூடாது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழுதுவிட்டேன். பேராசிரியை என்னைக் கட்டிக்கொண்டார். அந்த வாக்கியம் அப்படியே என் காதில் விழுந்தது, விழுந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கட்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, அதையும் சொல்ல வேண்டும். வக்கீல் போனார், அலைந்தார். தீர்மானத்தில் இருந்ததைத்தான் கேட்டார், கேட்டது கிடைத்தது. சர்வே எடுக்க ஆட்கள் வந்தார்கள். அக்கா வீட்டில் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். என் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மாவு பாக்கெட் அடுக்கியிருந்தது. வந்தவன் அதைப் பார்த்தான். "யே தோ துகான் ஹை" என்றான். இது கடை. அவ்வளவுதான். நான் கட்டிலைக் காட்டினேன், மகளின் புத்தகங்களைக் காட்டினேன், அடுப்பைக் காட்டினேன். "பெஹன்ஜி, மட்டும்னு போட்டிருக்கு" என்கிற மாதிரி ஹிந்தியில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். தையல் மிஷின் வைத்திருந்த வீடும் அப்படியே போனது. டீ போட்டு விற்ற வீடும் போனது.

நேராகக் கன்வீனர் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"மட்டும்னு ஒரு வார்த்தைய எதுக்கு சார் போட்டீங்க?"

அவர் முகம் வெளுத்தது. ஷெர்வானிக்காரர்தான் கேட்டாராம். கேம்ப் ஓரத்தில் வெளியாள் ஒருவன் பழைய இரும்புக் குடோன் வைத்திருந்தான். அவனும் இதில் நுழைந்து வீடு வாங்கிவிடுவானே என்றாராம். சரிதானே என்று எல்லோரும் தலையாட்டினார்களாம்.

"அந்தக் குடோன்காரனுக்காகப் போட்டதும்மா. உங்களுது கடைன்னு எனக்குத் தோணவே இல்ல."

"வாராவாரம் என்கிட்ட மாவு வாங்குறீங்களே சார். அது எங்கேருந்து வருதுன்னு நெனச்சீங்க? வானத்துலேருந்தா?"

உள்ளே அவர் மனைவி தோசை வார்க்கும் வாசனை வந்தது. என் மாவுதான்.

"உள்ள இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேன்."

"நீங்க உள்ள இருந்திருந்தா தீர்மானமே செல்லாதும்மா." அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஆனால் சொன்னார். "திருத்தம் கொண்டுவரலாம். எழுதிக் குடுங்க, அஜெண்டாவுல வெக்கறேன். ஆனா அதப் பேசறப்ப நீங்க…"

"வெளிய இருக்கணும்."

"ஆமா."

இடித்த அன்றைக்கு நான்கு ஆட்களைப் பிடித்துக் கிரைண்டரை வெளியே எடுத்தேன். புல்டோசருக்கு என் அறை ஒரு தள்ளுக்குக்கூடக் காணவில்லை. அக்காவுக்கு நரேலாவில் ஃப்ளாட் வந்தது. நகரத்தின் மறுகோடி அது, பாத்திரம் தேய்த்த வீடுகள் எல்லாம் கைவிட்டுப் போயின. ஆனாலும் கதவு போட்ட வீடு. அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஓர் அறை பிடித்தேன். கிரைண்டரை அவள் பால்கனியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். அதை ஓட்ட இங்கே யாரும் அனுமதிக்கவில்லை. நான் ஒரு ஹாஸ்டலில் சப்பாத்தி தேய்க்கிறேன். மகள் கல்லூரியை விட்டுவிட்டு ஒரு ஷோரூமில் நிற்கிறாள். "மம்மி, சோட் தோ" என்கிறாள். விட்டுவிடு என்கிறாள். எதை விடுவது? விட என்ன மிச்சம் இருக்கிறது?

திருத்தம் பேசவேண்டிய கூட்டம் வந்தது. அது நிறைவேறினால் என்னைப் போன்றவர்களின் பெயரையும் கேட்டு வக்கீல் போவார், மாற்று வீட்டுப் பட்டியல் மூடும்வரை வாய்ப்பு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் பிடித்துப் போனேன். என் விஷயம் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா…" என்றார் கன்வீனர்.

"போக மாட்டேன் சார்."

"ஓட்டு உங்க பக்கம்தாம்மா இருக்கு. அஞ்சு நிமிஷம்."

"போன தடவையும் என் பக்கம்தான் இருந்தீங்க."

பேராசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். "தீதி, ஹமாரி மஜ்பூரி சம்ஜியே." எங்கள் கஷ்டத்தைப் புரிந்துகொள் என்கிறார்.

"என் மஜ்பூரிய நீங்க மொதல்ல சம்ஜோ" என்று கத்தினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கையை எடுத்துக்கொண்டார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன வார்த்தை போடுகிறார்கள் என்று என் காதால் கேட்க வேண்டும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கன்வீனர் வெகுநேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு, சம்பந்தப்பட்டவர் அறையில் இருப்பதால் இந்த விஷயம் ஒத்திவைக்கப்படுகிறது என்றார். அடுத்தது பட்டாசு பற்றி. அதை நன்றாகப் பேசினார்கள்.

விஷயம் தெரிந்து அக்கா காளியாட்டம் ஆடினாள். "போய்த் தொலையேன்டி வெளிய! அஞ்சு நிமிஷம் படியில குந்தறதுக்கு உனக்கு என்னாடி கேடு? உன் ரோஷத்தைப் பொங்கித் திங்கப் போறியா?"

"அங்க குந்தினதுலதான்கா வீடு போச்சு."

"உள்ள குந்தினா வந்துடுமா?"

அடுத்த கூட்டம் முடிந்த கையோடு பட்டியலை மூடிவிடுவார்களாம். மூடினால் மூடட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுந்து வெளியே போகவும் தைரியம் இல்லை. தையல் மிஷின்காரி தினமும் போன் செய்கிறாள். அவள் மெம்பர்கூட இல்லை, அவள் வீடும் நான் எழுந்து போவதில்தான் இருக்கிறது. அழுகிறாள். நான் போனை எடுப்பதில்லை.